ஒரு சாண்

பங்குனி மதியம். மொட்டைமாடிச் சூடு கூரை வழியாக இறங்குகிறது. மின்விசிறி சுற்றச் சுற்ற, துணியின் மூலை எழுகிறது, படிகிறது.


போர்வை மடியில் கிடக்கிறது. முகம் வரை இழுத்தால் பாதம் வெளியே வருகிறது. ஒரு சாண் குறைவு.


மேலே சுங்குடி. அடியில் நைந்த வேட்டி. நடுவில் நிறம் போன சேலைகள். அம்மா தைத்தது. அளவெல்லாம் சரியாகத்தான் எடுத்திருக்கிறாள். ஓட்டுத்தையல் வரிக்கு வரி துணியைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்கிறது. வரிகள் நெருங்க நெருங்க நீளம் போகிறது. தண்ணீரில் நனைந்ததும் பருத்தி இன்னும் சுருங்குகிறது.


ஓரத்தைப் பிரிக்கிறேன். ஊசிமுனை நூலுக்கு அடியில் நுழைகிறது. சின்னதாக ஒரு சத்தம்.

அடுத்தது.


நூல் போன இடத்தில் துளைகள் வரிசையாக நிற்கின்றன. நூல் இருந்தவரை கண்ணில் படாதவை.


சுங்குடிப் புள்ளிகளும் நூல் இருந்து போன இடங்கள்தான். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்குகிறார்கள். சாயத்தில் முக்குகிறார்கள். காய்ந்தபின் முடிச்சு அவிழ்கிறது. சாயம் நுழையாத இடம் வெள்ளையாக நிற்கிறது. மதுரைச் சௌராஷ்டிர வீடுகளில் பெண்கள் கட்டிவந்த முடிச்சு. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைகளில் இப்போது மெழுகு அச்சுதான் நிறைய. அச்சுப் புள்ளிகள் ஒன்றைப் போலவே ஒன்று. பார்வை நிற்காமல் போய்விடுகிறது.


இந்தச் சேலையில் ஒரு புள்ளி சாய்ந்திருக்கிறது. ஒன்றின் நடுவில் கடுகளவு சாயம். இரண்டு புள்ளிகள் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

புதுச் சேலையில் முடிச்சின் சுருக்கம் விரலில் தட்டும். இங்கே தட்டவில்லை. துவைத்துத் துவைத்துப் படிந்துவிட்டது.


தெருவில் மல்லிகைப்பூக்காரரின் குரல். நெருங்குகிறது. வாசலைத் தாண்டுகிறது.


மதுரைப் புதுமண்டபம் நினைவில் வருகிறது. திருமலை நாயக்கர் கட்டிய கல்தூண்கள். தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரங்கள். சித்திரையில் அழகருக்காக வேடமிடுவோரின் உடைகள் அங்கேதான் தைக்கப்பட்டன. கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. கல்லுக்குள் மோதித் திரும்பும் அந்த மிதிச்சத்தம் வேறு எந்தக் கட்டடத்திலும் வராது என்று தோன்றுகிறது.

தோன்றுகிறது, அவ்வளவுதான்.


ஒட்டுக்கு ஓர் அரக்குச் சேலையின் முந்தி. ஊறவைத்த வாளித் தண்ணீர் சிவந்திருக்கிறது. கொடியில் காய்ந்து, சுருங்குகிற வரை சுருங்கட்டும். அதற்குமேல்தான் அளவு.


காய்ந்த அரக்கைச் சுங்குடியின் நீலத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். கண் அரக்குக்கே போகிறது. கொஞ்ச நேரம் கழித்து நீலத்துக்கும் போகிறது.


காலடியில் சேர்ப்பதா, தலைமாட்டிலா.

காலடி என்றால், இருட்டில் பாதம் ஒட்டின் மேட்டைத் தேடிப் போகும். தலைமாடு என்றால், பழைய சேலை கழுத்துக்கு எட்டாது. நைந்த துணியின் மென்மை முழுக்க அதில்தான் இருக்கிறது.

காலடி.


வெட்டுகிறேன். ஒரு சாணுக்கு மேல் நான்கு விரற்கடை கூடுதல். இந்த ஒட்டிலும் தையல் துணியை உள்ளே வாங்கும்.


மூச்சு உள்ளே போகும்போது ஊசி இறங்குகிறது. வெளியே வரும்போது ஏறுகிறது. கவனித்ததும் ஒழுங்கு குலைகிறது.


நூல் தீர்கிறது. கோக்கிறேன். வெளிச்சம் சன்னலில் சாய்ந்திருக்கிறது. நூல்முனை ஊசிக்கண்ணைத் தவறவிடுகிறது. எச்சில் தொட்டு, மறுபடி.


அம்மா தூக்கம் கலைந்து வருகிறாள். ஒட்டைத் தடவிப் பார்க்கிறாள். போர்வையைக் குறுக்காகப் பிடித்து இரண்டு கையையும் விரிக்கிறாள்.

“நீளம் இருக்கட்டும். அகலமும்ல பத்தல.”