ஒலிநாடா யாருடைய அமானிதம்?

ஒரு கலைஞன் தான் முதிராத காலத்தில் ஆக்கியதை உலகின் செவியிலிருந்து மறைத்து வைக்கலாமா? எழுதுகிறவர்களுக்கு இது புதிய கேள்வியல்ல. கையெழுத்துச் சஞ்சிகையில் வந்த முதற் கவிதைகளைத் தொகுப்பில் சேர்ப்பதா விடுவதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் இதைத்தான் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் நமது விடயத்தில் நாமே தீர்ப்புச் சொல்வது கடினம். ஆகவே இதனைச் சற்றுத் தூரத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆரம்பகால மேடை ஒலிப்பதிவுகளில் முக்கியமான சில இன்றுவரை முறைப்படி வெளியிடப்படவில்லை. அவர்கள் பாடிய எந்தத் துண்டு கிடைத்தாலும் வாங்குவதற்கு உலகெங்கும் ஆட்கள் இருக்கையில், இது ஏன் என்பது விசாரிக்கத்தக்கது.

லிவர்பூல் நகரத்து இளைஞர்களின் இக்குழு 1960 ஓகஸ்டில் முதன்முறையாக ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுக நகருக்குச் சென்றது. அங்குள்ள இரவு விடுதிகளில் ஓரிரவில் பல மணிநேரம் பாட வேண்டியிருந்தது. பிறர் பாடல்களைப் பாடிப் பாடியே அவர்கள் தொழிலைக் கற்றார்கள். ‘லவ் மீ டூ’ என்ற அவர்களது முதல் இசைத்தட்டு 1962 ஒக்டோபரில் வந்தது. 1966 ஓகஸ்டில், சன் பிரான்சிஸ்கோ நிகழ்ச்சியோடு, இசைப் பயணங்களை நிறுத்திவிட்டார்கள். பின்னர் வந்தவற்றில் பெரும்பாலானவை ஒலிப்பதிவுக்கூடத்தில் பிறந்தவை. எனவே அவர்கள் மேடையில் எவ்வாறு உருவானார்கள் என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடியவை ஒரு சில ஒலிநாடாக்களே.

அவற்றுள் பெரிது 1962 டிசெம்பரில் ஹம்பேர்க்கின் ஸ்டார் கிளப்பில் பதிவானது. டெட் டெய்லர் என்ற சக இசைக்கலைஞருக்காக, வீட்டில் பாவிக்கும் கிறண்டிக் ஒலிப்பதிவுக் கருவியில், ஒரே ஒலிவாங்கியை வைத்து அது பதிவு செய்யப்பட்டது. 1977இல் ஒரு கம்பனி அதனை இசைத்தட்டுகளாக வெளியிட்டபோது பீட்டில்ஸ் தரப்பு தடுக்க முயன்று தோற்றது. வழக்கு மீண்டும் எழுந்து 1998இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஹரிசன் நேரில் சாட்சியமளித்தார். இம்முறை வெற்றி பீட்டில்ஸ் தரப்புக்கு. ஒலிநாடாவின் உரிமை அவர்களிடம் வந்து சேர்ந்தது. அதன்பின் அவர்கள் அதனை வெளியிடவில்லை.

முதற் காரணமாகச் சொல்லப்படுவது ஒலியின் தரம். அதில் உண்மையுண்டு. ஆனால் அது முழுக் காரணமாகாது. 1964இலும் 1965இலும் லொஸ் ஏஞ்சல்ஸின் ஹொலிவூட் போல் அரங்கில் நடந்த கச்சேரிகளைக் கம்பனியே தொழில்முறைக் கருவிகளால் பதிவு செய்தது. ஆயிரக்கணக்கானோரின் கூச்சலில் பாட்டு மூழ்கிவிட்டதென்று அப்பதிவுகள் ஒதுக்கப்பட்டன. 1977இல் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் அவற்றைச் சீராக்கி வெளியிட்டார். 2016இல் அவரது மகன் புதிய கணினி நுட்பத்தால் மேலும் துலக்கி மறுபடியும் வெளியிட்டார். வெளியிட வேண்டும் என்ற மனம் இருந்தால் குறைபாடுள்ள ஒலிக்கும் வழி பிறக்கிறது என்பதே இதிலிருந்து நான் விளங்கிக்கொள்வது.

இரண்டாவது காரணம் சம்மதம். எனது பார்வையில் இதுவே கனமானது. தாம் பியர் வாங்கிக் கொடுப்பதற்கு ஈடாகப் பதிவு செய்துகொள்ள லெனன் வாய்மொழியாக இணங்கினார் என்பது டெய்லரின் வாதம். குடித்திருந்த ஒருவர் குடித்திருந்த வேறு சிலரைப் பதிவு செய்வது வியாபார ஒப்பந்தமாகாது என்ற கருத்தில் ஹரிசன் பதிலளித்தார். நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்து யோசித்தாலும் ஹரிசன் பக்கமே நியாயம் தெரிகிறது. நண்பன் ஒருவன் நமது பேச்சைப் பதிவு செய்ய நாம் தலையசைத்தால், அதனைப் பதினைந்து வருடங்களின் பின் சந்தையில் விற்கவும் தலையசைத்ததாகாது. முதற் சம்மதம் தோழமைக்குரியது. விற்பனைக்கு வேறொரு சம்மதம் வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்புண்டு. மேடையில் பாடியது ஏற்கெனவே பொதுவில் கொடுக்கப்பட்டது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா என்பது அது. காஃப்கா தமது கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடும்படி நண்பர் மக்ஸ் புரோடிடம் எழுதி வைத்தார். 1924இல் அவர் இறந்தபின் புரோட் எரிக்கவில்லை, வெளியிட்டார். அந்தப் பிரதிகளுட் பல எவர் முன்னும் வைக்கப்படாதவை. அவற்றையே உலகம் ஏற்றுக்கொண்டதென்றால், நூற்றுக்கணக்கானோர் முன் பாடியதை எவ்வாறு மறைப்பது என்று கேட்கலாம். ஆயினும் அன்றிரவு அரங்கில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது அந்த இரவு மட்டுமே. பாடகனின் தொண்டை கட்டியிருந்ததும் சொற்கள் மறந்துபோனதும் அவர்களோடு கலைந்து போகும் என்ற நம்பிக்கையிலேயே மேடைக் கலைஞன் துணிகிறான். அந்த நம்பிக்கையை ஒலிநாடா அவனைக் கேளாமலே மீறுகிறது. ஆகையால், விற்கமாட்டேன் என்று சொல்லும் உரிமையை நான் அவனுக்குக் கொடுக்கிறேன்.

ஆனால் அந்த உரிமை கைமாறும்போது என் மனம் தயங்குகிறது. 1957 ஜூலை 6ஆம் திகதி லிவர்பூலின் வூல்ட்டன் பகுதித் தேவாலய விழாவில் லெனனும் மெக்கார்ட்னியும் முதன்முறையாகச் சந்தித்தார்கள். அன்று மாலை லெனனின் அப்போதைய குழுவான குவாரிமென் பாடியதை ஒருவர் ஒலிநாடாவில் பிடித்து வைத்திருந்தார். 1994இல் அது சொத்பீஸ் ஏலத்துக்கு வந்தபோது இ.எம்.ஐ கம்பனி 78,500 பவுணுக்கு வாங்கியது. சிறு துண்டுகள் வெளியே கேட்டதுண்டு. பதிவு முறைப்படி வெளியிடப்படவில்லை. லெனன் 1980இலேயே கொல்லப்பட்டுவிட்டார். இங்கே மௌனம் காப்பது பாடியவனின் கூச்சமல்ல, பணம் கொடுத்து வாங்கிய கம்பனியின் தீர்மானம். கலைஞனின் வெட்கத்துக்குக் கொடுக்கும் மரியாதையை ஒரு கம்பனியின் பெட்டகத்துக்கும் கொடுக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.

சட்டம் இதனை வேறொரு வழியில் தொட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்பை 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆண்டுகளாக நீட்டியது. ஆனால் 50 ஆண்டுகளுக்குள் வெளியிடப்படாத பதிவுக்கு அந்த நீட்டிப்பு இல்லை. இதன் விளைவாக 2013 டிசெம்பரில், 1963ஆம் ஆண்டின் 59 பதிவுகள் ஐடியூன்ஸ் ஊடாக ஆரவாரமின்றி வெளிவந்தன. பெரும்பாலும் பி.பி.சி வானொலிக்குப் பாடியவையும் கூடத்தில் ஒதுக்கப்பட்டவையுமே அவை. வெளியிடத் தகாதவை என்று அரை நூற்றாண்டாகக் கிடந்தவை, உரிமை பறிபோகும் நிலை வந்ததும் தகுதி பெற்றுவிட்டன. மறைத்து வைத்தலுக்குக் கலையைக் காரணம் காட்டுவோர் இதனை நினைவிற்கொள்வது நல்லது.

இதற்கு மாறான ஓர் உதாரணம் 2023இல் தெரிய வந்தது. 1963 ஏப்ரில் 4ஆம் திகதி இங்கிலாந்தின் ஸ்டோவ் பாடசாலை அரங்கில் பீட்டில்ஸ் பாடியதை, பதினைந்து வயது மாணவர் ஒருவர் ஒலிநாடாவில் பதிவு செய்திருந்தார். சபையில் இருந்தோர் அநேகமாக எல்லோரும் மாணவர்கள். ஒரு மணிநேரத்துக்கு மேற்பட்ட அந்தப் பதிவை அவர் அறுபது ஆண்டுகளாக வைத்திருந்தார். விற்றுத் தீர்க்கவுமில்லை, அழிய விடவுமில்லை. குழுவின் வரலாற்றை எழுதிவரும் ஆய்வாளருக்குக் கேட்கக் கொடுத்தார்.

இந்தப் பழைய நாடாவை வைத்திருந்தவரின் நடத்தையில் எனது கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது. வெளியிடுதல் என்றும் பாதுகாத்தல் என்றும் இரண்டு காரியங்கள் உண்டு. நாம் அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவதை மறுக்கப் பாடியவனுக்கு உரிமையுண்டு, அவன் உயிரோடிருக்கும் வரையில் அது மதிக்கப்பட வேண்டும். இரண்டாவதை மறுக்க எவருக்கும் உரிமை இல்லை. காந்த நாடா தானாகவே பழுதடையும் பொருள். பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவது மட்டும் அதனைக் காப்பதாகாது. அதனைப் படியெடுத்து, கற்க விரும்புவோர் வந்து கேட்கக்கூடிய ஓரிடத்தில் வைப்பதே அமானிதத்தைப் பேணும் முறை. தேர்ந்த கலைஞர்களும் ஒரு காலத்தில் தடுமாறியே கற்றார்கள் என்பதை அடுத்து வரும் இளைஞன் ஒருவன் தன் செவியாலேயே அறிந்துகொள்ள வேண்டும். இசைத்தட்டை மட்டும் கேட்டு வளருகிறவன், பிறக்கும்போதே அவர்கள் அவ்வாறு பாடினார்கள் என்று நம்பித் தன் முயற்சியைக் கைவிட்டுவிடக்கூடும். நமது முதற் கவிதைகள் பற்றியும் நான் இதையே சொல்வேன்: தொகுப்பில் சேர்க்க வேண்டியதில்லை, ஆனால் கிழித்தெறியவும் வேண்டாம்.