பிடியரிசிப் பானை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கின் உதவிக் குழுவினர் கூடி ஒரு தீர்மானம் செய்தோம். மாதந்தோறும் நம்மிடம் மருந்துச் செலவுக்குப் பணம் பெறும் இல்லங்களில் இனிப் பிடியரிசி பெறவேண்டாம் என்பதே அத்தீர்மானம். எவரும் மறுத்துப் பேசவில்லை. ஏட்டில் அதை எழுதியவன் நான். எழுதி முடித்தபோது, இரக்கமுள்ள ஒரு செயலைச் செய்துவிட்டோம் என்ற நிறைவு என் உள்ளத்தில் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இளைஞர் இருவர் வழக்கம்போல் சாக்குப்பையுடன் தெருவுக்குள் போயினர். தெருக்கோடியில் தனியே வாழும் மூதாட்டி ஒருவர் வாசலில் பானையோடு காத்திருந்தார். இளைஞர்கள் வணக்கம் சொல்லிவிட்டு அவ்வாசலைக் கடந்தனர்.

"ஏந் தம்பி, எம் பானையத் தாண்டிப் போறீக?"

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம், பாட்டி."

"சிரமம் எனக்குல்ல? கோயிலுக்கு என்ன?"

அந்த மாதம் மருந்துக்கான பணத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன். அவர் உறையைத் தொடவில்லை. "வாங்குறதுக்கு மட்டும் ஒருத்தி, குடுக்குறதுக்கு மட்டும் ஊரா? கொண்டுபோங்கய்யா" என்றார். கோபம் கூட இல்லை அக்குரலில். இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பிடியரிசியைப் பற்றி வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் இடுவதும், வாரக் கடைசியில் அதைக் கோயிலுக்கோ அறச்செயலுக்கோ தருவதும் தமிழகத்துப் பங்குகள் பலவற்றில் நெடுநாள் வழக்கம். நம் சமயத்தாருக்கு மட்டும் உரியதும் அன்று; காஞ்சி மடத்துச் சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இதே முறையைத் தம் அன்பர்களிடையே வலியுறுத்தினார். மிசோரம் மாநிலத்துப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைப் பெண்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே இவ்வாறு எடுத்துவைக்கும் அரிசியைக் கொண்டு தம் திருச்சபையின் பணிகளைத் தாங்கி வந்துள்ளனர். ஒரு கைப்பிடியால் எந்தக் குடும்பத்துக்கும் பசி வந்துவிடாது. ஆனால் ஊர் முழுவதும் எடுத்துவைத்தால் ஒரு குடும்பத்தின் பசி தீரும். இந்த எளிய கணக்கே அதன் வலிமை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை விரிந்து கிடக்கும் இந்த வானம் பார்த்த பூமியில் அக்கணக்குக்கு வேறொரு பொருளும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் பெருகினால் விளைச்சல். பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைப்பு. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விட மணல் தெரியும் நாட்களே மிகுதி. இன்று கொடுப்பவன் நாளை வாங்க நேரும் நிலம் இது. ஆகவே பானையில் விழும் ஒரு பிடி, தர்மம் என்பதை விட, ஊரோடு செய்துகொண்ட ஓர் உடன்பாடு. 'நான் நிற்கும்போது தருகிறேன். விழும்போது தாங்குங்கள்' என்பது அதன் வாசகம். அந்த உடன்பாட்டிலிருந்து ஒருவரை, அவர் விழுந்திருக்கும் வேளையில், நாங்கள் நீக்கிவிட்டோம்.

2011 முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. ஆதலால் இப்போது பிடியரிசி பெரும்பாலும் உணவாகப் பயன்படுவதில்லை. அதை விற்ற பணம் மாத்திரைக்கும், மதுரைப் பெரிய மருத்துவமனைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணத்துக்கும் ஆகிறது. எனவே அம்மூதாட்டியின் ஒரு பிடியால் எங்களுக்கு ஆவது மிகச் சிறிது. அது இல்லாமற்போனால் அவருக்கு ஆவது எவ்வளவு என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

பிறருக்கு உதவும் நல்லெண்ணம் மட்டும் போதாது, அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதைத் திருச்சபைக்கு உணர்த்தியவர்களுள் தலையானவர் புனித வின்சென்ட் தே பவுல். 1617 ஆகஸ்டில், பிரான்சு நாட்டின் ஷாட்டியோன் என்னும் சிற்றூரில் அவர் பங்குத்தந்தையாக இருந்தார். ஒரு ஞாயிறன்று திருப்பலிக்கு ஆயத்தமாகும் வேளையில், ஊருக்கு வெளியே ஒரு குடும்பம் முழுவதும் நோயில் கிடப்பதாகச் செய்தி வந்தது. மறையுரையில் அதை உருக்கமாக எடுத்துரைத்தார். பிற்பகலில் தாமே புறப்பட்டுப் போனபோது, வழியெல்லாம் உணவு சுமந்து போவோரும் திரும்புவோருமாகப் பெண்கள் கூட்டம்! மகிழ்ந்தார், உடனே கவலையும் கொண்டார். இன்று வந்து குவிந்த உணவு நாளை கெட்டுப்போகும். நாளை மறுநாள் எவர் கொண்டுவருவார்? சில நாட்களுக்குள் அவ்வூர்ப் பெண்கள் முறைவைத்துப் பணிசெய்யும் அன்புச் சங்கம் ஒன்று உருவாயிற்று.

அச்சங்கத்துக்கு அவர் வகுத்த விதிமுறையில் ஒரு சிறு பகுதி என்னை வியக்க வைக்கிறது. நோயாளிக்கு உணவைப் படைக்கும் விதம், விரிக்கவேண்டிய துணி, முகமலர்ச்சியோடு சொல்லவேண்டிய சொல் என ஒரு தாயின் கவனத்தோடு எழுதிச் செல்கிறார். பிறகு, துணைக்கு ஆள் உள்ள நோயாளியை முதலில் பார்த்துவிட்டு, தனித்திருப்பவரைக் கடைசியில் பார்க்கவேண்டும் என்கிறார். ஏன்? கடைசியில் போனால்தான் அங்கே அதிக நேரம் தங்கலாம். நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு குரு இதை விதியாக எழுதிவைத்தார். நாங்களோ தெருக்கோடி வீட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, உறை கொடுத்ததற்கு ஏட்டில் அடையாளமிட்டுக்கொண்டிருந்தோம்.

1833-ஆம் ஆண்டு பாரிசு நகரில், அப்போது இருபது வயதே ஆன மாணவர் பிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் இப்புனிதரின் பெயரால் தொடங்கிய சபை இன்று நம் பங்குகள் பலவற்றிலும் உள்ளது. ஏழைகளை வரவழைத்துக் கொடுப்பதில்லை, இல்லம் தேடிச் செல்வது என்பது அதன் அடிப்படை. அவர்களுக்கு வழிகாட்டியவர் ரோசலி ரெந்து என்னும் அருட்சகோதரி. இருவரும் அருளாளர்களாக உயர்த்தப்பட்டுள்ளனர். அவர் 1997-இலும் இவர் 2003-இலும். கூட்ட முடிவில் எவர் எவ்வளவு இட்டார் என்று தெரியாதபடி மறைவான பையில் காணிக்கை திரட்டுவதும் அச்சபையின் மரபு. கொடுப்பவரின் பெருமையை மறைக்க இவ்வளவு கவனம்! வாங்குபவரின் பெயரோ எங்கள் ஏட்டில் வரிசை எண்ணோடு இருக்கிறது. ஏடு வேண்டும், மறுக்கவில்லை. ஏடு இல்லையேல் வாய் உள்ளவர் இருமுறை பெறுவார். வாயற்றவர் ஒருமுறையும் பெறார். ஆனால் ஏட்டில் ஒருவர் பெயரைப் 'பெறுவோர்' என்ற தலைப்பின் கீழ் எழுதியதும், அவரைப் பற்றி நாம் அறியவேண்டியது அனைத்தும் அறிந்துவிட்டதாகத் தோன்றிவிடுகிறது.

வள்ளுவர் தம் நூலில் ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்னால் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். முன்னது இல்லாதவருக்கு ஈவது. பின்னதோ ஊரோடு ஒத்து வாழ்ந்து, உள்ளதை எல்லார்க்கும் பயன்படச் செய்வது. அவ்வைப்புமுறை தற்செயலானது என்று என்னால் எண்ண முடியவில்லை. ஒப்புரவு என்பதை அறியாதவனின் ஈகை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு எறிவது போன்றதாகிவிடும். பாவமன்னிப்பு அருட்சாதனத்துக்கு நாம் 'ஒப்புரவு' என்று பெயரிட்டிருக்கிறோம். இரண்டும் ஒரே சொல்லாயிருப்பது எனக்கு அந்த மாதத்தில்தான் உறைத்தது.

இங்கே ஒருவர் என்னை இடைமறிக்கலாம். "மருந்துக்கு வழியில்லாத கிழவியிடம் அரிசி வாங்குவதா? வறுமையைப் போற்றிப் பாடி வறியவரை இன்னும் உறிஞ்சுவதற்கு இதைவிட நல்ல சாக்கு உண்டா?" எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு இட்ட கைம்பெண்ணை நாம் எல்லாரும் அறிவோம். லூக்கா நற்செய்தியின் இருபத்தொன்றாம் அதிகாரம் அக்காட்சியோடு தொடங்குகிறது. ஆனால் இருபதாம் அதிகாரத்தின் இறுதியில், கைம்பெண்களின் வீடுகளைப் பறித்து உண்ணும் மறைநூல் அறிஞரை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். அதிகாரப் பிரிவு பிற்காலத்தில் வந்தது. அதை எடுத்துவிட்டுப் படித்தால் இரண்டும் ஒரே மூச்சில் நிகழ்கின்றன. ஆகவே அவர் அப்பெண்ணைப் பாராட்டினாரா, அவளை அந்நிலைக்குத் தள்ளிய ஆலய அமைப்பைக் கண்டு மனம் நொந்தாரா என்று விவிலிய அறிஞர்கள் வாதிடுகின்றனர்.

இரண்டும் உண்மை என்றே எனக்குப் படுகிறது. அவர் அக்கைம்பெண்ணைத் தடுத்து நிறுத்தவில்லை. காசைத் திருப்பிக் கொடுக்கும்படி எவரையும் ஏவவில்லை. அவளது கொடையைக் கொடையாகவே கண்டார். அதே வேளையில் பறித்தவரைப் பறித்தவர் என்றே அழைத்தார். நாங்கள் செய்ததோ நேர்மாறு. அவரது கொடையை மறுத்தோம்; பறித்தவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. அம்மூதாட்டி இளமையிலிருந்து கருவேல முள்ளிலும் கரிப்புகையிலும் உழைத்தவர். மூச்சிரைப்புக்குத்தான் இப்போது மாத்திரை. அவ்வுழைப்புக்கு உரிய கூலி முழுமையாகக் கிடைத்திருந்தால் எங்கள் உறை அவருக்குத் தேவைப்பட்டிருக்குமா? நீதியின்படி தரவேண்டியதை அன்பளிப்புப்போல் தரலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பொதுநிலையினரின் பணி பற்றிய ஏட்டில் கற்பித்தது. கரிமூட்டம் ஏலம் எடுப்போர் நம் கோயில்களிலும் முன்வரிசையில் அமரக்கூடும். பிடியரிசியைப் பற்றி உருகி எழுதும் நான், கூலியைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசியதில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுவது நேர்மை.

கொடுப்பவரே அளவையும் முறையையும் முடிவு செய்தால் என்ன நேரும் என்பதை இப்பகுதி ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலைக்கு வந்தோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அடிப்படையாக வைத்துக் கூலி போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ், உழைக்கும் உடல் அதில் உயிர்வாழாது என்று எதிர்த்தார். 1877-இல் சில மாதங்களுக்குள் அவ்வளவு கைவிடப்பட்டது. அதற்குள் மடிந்தவர் பலர். எங்கள் சிறு தீர்மானத்தை அப்பெருங்கொடுமையோடு ஒப்பிடுவது மிகை. ஆயினும் இரண்டிலும் பொதுவாக ஒன்று உண்டு: பெறுபவரை எவரும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் சான்று. அன்றாடப் பந்தியில் தம் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசுவோர் முணுமுணுத்தனர். திருத்தூதர்கள் அதை நன்றியின்மை என்று கண்டிக்கவில்லை. எழுவரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். தெரிந்துகொள்ளப்பட்ட எழுவர் பெயர்களையும் படித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அனைத்தும் கிரேக்கப் பெயர்கள்! குறை சொன்ன தரப்பினரிடமே பந்தியை ஒப்படைத்துவிட்டனர் என்று கொள்ள இடமிருக்கிறது. எங்கள் குழுவில் அதுவரை உதவி பெறும் இல்லத்தவர் ஒருவர்கூட இருந்ததில்லை.

தீர்மானத்தை நீக்கினோம். அதற்கும் ஒரு கூட்டம், அதற்கும் ஒரு வாதம். "ஒரு கிழவியின் வீம்புக்காகவா?" என்று நண்பர் ஒருவர் சலித்துக்கொண்டார், பிறகு அவரே வாக்களித்தார். செய்தியைச் சொல்ல நான் போனபோது மூதாட்டி உடனே பேசவில்லை. உள்ளே சென்று பானையைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். அந்நான்கு வாரமும் அவர் எடுத்துவைக்கத் தவறவில்லை. அரிசி கழுத்தளவு இருந்தது.

அதன்பின் ஒரு நாள், அடுத்த தெருவில் படுக்கையில் கிடக்கும் இந்துப் பெண்மணி ஒருவருக்குப் பகலில் துணையிருக்க ஆள் தேடினோம். வேலைக்குப் போகும் எவராலும் இயலவில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த மூதாட்டி, "நாந்தான் சும்மாதான இருக்கேன்" என்றார். இப்போது அவ்வீட்டுக்கு மருந்து கொண்டுபோகும்போதெல்லாம் இருவரையும் சேர்ந்தே காண்கிறேன். ஒருவர் கட்டிலில், ஒருவர் தரையில். சென்ற மாதம் நான் எழப்போன வேளையில் கட்டிலில் கிடந்தவர் என்னைக் கையமர்த்தினார். மருமகள் ஒரு சிறு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இதையும் உங்க கோயில் பானையில போட்டுருங்கய்யா" என்றார் அவர். "எங்க வீட்டுலயும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கா, இவ."