மந்த காலத்துக் குறிப்புகள்

பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்களுக்கு மந்தம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கல்லூரியிலிருந்து நேராக வேலைக்கு வரும் பிள்ளைகளின் கூட்டம் முதலில் நின்றுபோகிறது. ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, சேரும் தேதிக்காக ஊரில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தரும் அவகாசம் சுருங்குகிறது. அப்ரைசல் தள்ளிப்போகிறது. தனித்தனியாக ஓடிய இரண்டு கேப் ரூட்டுகள் ஒன்றாகின்றன. பிறகு ஒரு நாள் எச்.ஆர். அறைக்குப் போன ஒருவர் திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் மேசை டிராயரைத் திறக்கிறார். சுற்றியிருக்கும் நாங்கள் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

2008இலும் இதைப் பார்த்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாடகை மட்டும்தான் கவலை. இப்போது வீட்டுக் கடன் இருக்கிறது, பள்ளிக்கூடத்துப் பெண் இருக்கிறாள், மாமியாருக்கு மாதாமாதம் மருந்து இருக்கிறது. பயத்துக்கு உட்கார நிறைய இடம் கிடைத்துவிட்டது.

*

இந்த முறை மந்தம் எங்கிருந்து கிளம்பியது என்று தெரியும். அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் வட்டியை உயர்த்தத் தொடங்கியது. ஏறக்குறைய பூஜ்யமாக இருந்த வட்டி, 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதம் என்ற அளவுக்கு ஏறிவிட்டது. அங்கே விலைவாசியை அடக்க எடுத்த முடிவு அது. கடன் வாங்குவது செலவு பிடித்த காரியமானதும், அங்குள்ள வங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் பெரிய கடைகளும் உடனடியாகத் தேவைப்படாத மென்பொருள் வேலைகளை ஒத்திப்போட்டன. அவர்கள் ஒத்திப்போட்ட வேலையைச் செய்து சாப்பிடுகிறவர்கள் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் இருக்கிறார்கள்.

இதில் யாரும் எங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அதனால் கோபித்துக்கொள்ளவும் ஆள் இல்லை. கோபத்துக்கு ஆள் கிடைக்காதபோது மனசு தன்னையே பிடித்துக்கொள்கிறது. அந்த கிளவுட் சான்றிதழை வாங்கியிருக்கலாமே, பிரசவத்துக்குப் பிறகு அவ்வளவு நாள் லீவு எடுக்காமல் இருந்திருக்கலாமே, போன வருஷம் அந்த பிராஜெக்ட்டுக்கு மாறியிருக்கலாமே என்று இரவெல்லாம் விசாரணை நடக்கிறது. ஒரு நாட்டின் வட்டி விகிதத்துக்கான காரணத்தை என்னுடைய குணத்தில் போய்த் தேடுகிறேன். நல்ல வேலைக்காரர்கள் பலர் இப்படித் தங்களைத் தாங்களே தேய்த்துக்கொள்வதைப் பார்க்கிறேன். அது நியாயமில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

*

போனவருடைய வேலை போவதில்லை. அது இருப்பவர்களின் தலையில் பிரித்து வைக்கப்படுகிறது. இருவர் பார்த்த மாட்யூலை ஒருவர் பார்க்கிறார். யாரும் முடியாது என்று சொல்வதில்லை. சொன்னால் அடுத்த பட்டியலில் நம் பெயர் வருமோ என்ற எண்ணம் வாயைக் கட்டிவிடுகிறது.

சென்னைக்கும் எங்கள் வாடிக்கையாளர்கள் இருக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். அது பத்தரை ஆகும். மாலை ஆறரைக்கு அவர்களோடு இருந்த கால் ஏழரைக்கு நகரும். ஏழரை எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம். அந்தக் குளிர்காலம் முழுக்க என் பெண் பாட்டியோடு சாப்பிடுகிறாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு, மியூட்டில் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே, அவர்கள் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம் என்றது அது. இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். எங்கள் தளத்தில் இந்த எண்களைத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. தெரிந்தும் அடுத்த அழைப்பை ஏற்கிறார்கள். ஐம்பத்தைந்து மணி நேரம் தருவது என்றோ வரப்போகும் நோய். ‘நாளை முதல் வர வேண்டாம்’ என்பது வரும் திங்கட்கிழமையே வந்துவிடக்கூடியது. கிட்டத்தில் இருக்கும் பயம்தான் எப்போதும் ஜெயிக்கிறது.

*

நேரத்தைச் சரியாகப் பிரித்துக்கொண்டால் வாழ்க்கை சமநிலைக்கு வந்துவிடும் என்று எங்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். மூச்சுப் பயிற்சியும் சொல்லித் தருகிறார்கள். சொல்லித் தருகிறவர்கள் நல்லவர்கள். ஆனால் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் நான் வீட்டில் இல்லை. மகள் வரைந்த படத்தை நீட்டுகிறாள்; “நல்லாருக்கும்மா” என்கிறேன்; அதில் என்ன வரைந்திருந்தாள் என்று பிறகு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நேரத்தை எந்த மேனேஜரும் கேட்கவில்லை. பயம் எடுத்துக்கொண்டது. வேலைக்கு டைம்ஷீட் உண்டு, பயத்துக்குக் கிடையாது. ஆகவே நேரத்தை எத்தனை அழகாகப் பிரித்தாலும், வேலை நிலைக்குமா என்ற கேள்வி தீராதவரை அந்தப் பிரிப்பு காகிதத்தில்தான் இருக்கும்.

*

வேலையே இல்லாமல் போனால் நேரம் முழுவதும் நம்முடையதாகிவிடுமா? இதற்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர்கள் மரியா யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் ஸைசல் ஆகிய மூவர். வியன்னாவுக்கு அருகில் மரியன்டால் என்ற சிற்றூர். ஊர் முழுவதும் ஒரு நெசவு ஆலையை நம்பி இருந்தது. உலகப் பெருமந்தத்தின் தொடக்கத்தில் அந்த ஆலை மூடப்பட்டது. ஆய்வாளர்கள் 1931இல் அங்கே போய் மக்களோடு மக்களாக இருந்து பார்த்து, 1933இல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆலை ஓடிய காலத்தில் அந்த ஊரில் நாடகம், சங்கம், விளையாட்டு, அரசியல் எல்லாம் இருந்தன. ஆலை மூடி, நாள் முழுவதும் ஓய்வு கிடைத்த பிறகு நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. படிக்கக் கட்டணம் தடையாக இல்லை, இருந்தும் எடுக்கவில்லை. ஆய்வாளர்கள் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் நின்று, தெருவில் போகிறவர்களின் நடையைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நடுவழியில் அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாகப் போனார்கள். வீட்டில் அடுப்பும் துணியும் குழந்தையும் காத்திருந்தன. காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஆண்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

வேலை கூலியை மட்டும் தருவதில்லை என்று யாஹோடா பிற்காலத்தில் விரித்து எழுதினார். அது நாளுக்கு ஓர் ஒழுங்கு தருகிறது, வீட்டுக்கு வெளியே மனிதர்களைத் தருகிறது, பலர் சேர்ந்து செய்யும் காரியத்தில் ஒரு பங்கு தருகிறது, ஊரில் ஓர் இடம் தருகிறது. வேலை போகும்போது இவை எல்லாம் சேர்ந்து போகின்றன. அதனால்தான் நின்றுபோன சம்பளத்துக்கு ஈடாக மூன்று மாதப் பணம் கையில் இருக்கிறவர்கூட, காலை பதினொரு மணிக்குத் துரைப்பாக்கம் டீக்கடையில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்.

வேலை மிதமிஞ்சியவருக்கும் வேலை இழந்தவருக்கும் ஒரே காலத்தில் ஒரே நகரத்தில் மாலைப்பொழுது இல்லாமல் போகிறது. ஒருவருக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். மற்றவருக்கு அது இருந்தும் பயனில்லை. மந்த காலத்தின் பெரிய அநீதியாக நான் நினைப்பது இதைத்தான். மொத்த வேலை கொஞ்சம்தான் குறைகிறது. அந்தக் குறைவு முழுவதையும் சிலர் தலையில் இறக்கிவிட்டு, மீதியை மற்றவர்கள் தலையில் ஏற்றுகிறோம்.

*

வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள். அதே பெருமந்தத்தின்போது அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரில், தானிய உணவு தயாரித்த டபிள்யூ.கே. கெல்லாக் தம் ஆலையில் எட்டு மணி நேர ஷிப்டுகள் மூன்றை ஆறு மணி நேர ஷிப்டுகள் நான்காக மாற்றினார். 1930 டிசம்பர் 1ஆம் தேதி அது தொடங்கியது. ஒரு ஷிப்டு கூடியதால் கூடுதல் ஆட்களுக்கு வேலை கிடைத்தது. மந்தம் போய், போர் வந்து, அதுவும் முடிந்த பிறகும் அந்த ஆலையின் சில பகுதிகளில் ஆறு மணி நேர நாள் நீடித்தது. 1985இல்தான் முற்றிலும் நின்றது. கடைசிவரை அதை விடாமல் பிடித்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் ஏன் பிடித்திருந்தார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2009இல் ஜெர்மனியின் பொருளாதாரம் ஏறக்குறைய ஐந்து சதவீதம் சுருங்கியது. அங்கே குறுகிய வேலை நேரத் திட்டம் ஒன்று உண்டு. ஆட்களை அனுப்பாமல் எல்லோருடைய நேரத்தையும் குறைப்பார்கள். அதனால் இழக்கும் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை அரசின் வேலைவாய்ப்பு அமைப்பு தரும், பிள்ளை உள்ளவர்களுக்கு 67 சதவீதம். அந்த ஆண்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் திட்டத்தில் இருந்தார்கள். அவ்வளவு பெரிய சரிவிலும் வேலையின்மை அங்கே அதிகம் உயரவில்லை.

*

நம் ஊருக்கு இந்த வேலை நேரப் பேச்சு புதிதில்லை. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்கள். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். உலகெங்கும் அந்த நாளின் கோரிக்கை எட்டு மணி நேர வேலை. நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில் ஆலைகளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததும் அதே மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். கேட்டால் நடக்கும் என்பதற்கு இது அண்மைச் சாட்சி.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் ஆட்குறைப்புக்கு வரையறை வைத்திருந்தது: ஒரு மாத நோட்டீஸ், பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம். 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் எங்கள் கண்ணாடிக் கட்டடங்களில் ஆட்குறைப்பு என்று சொல்வது அரிது. “நீங்களே பேப்பர் போட்டுடுங்க, ரிலீவிங் லெட்டர் நல்லபடியா தந்துடறோம்” என்பார்கள். தானாக விலகியவருக்கு அந்தச் சட்டத்தின் நிழல் இல்லை. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். அதற்கு மேல் வாங்குவதால் அதன் வேலையின்மை உதவியும் எங்களில் பலருக்குக் கிடையாது. நல்ல சம்பளக்காரர்கள் என்று ஊர் நினைக்கிறது. அந்தச் சம்பளத்துக்கு அடியில் வலை ஒன்றும் கட்டப்படவில்லை.

*

எச்.ஆர். அறைக்கு எப்போதும் ஒருவரைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒருவரைத் தனியாக வைத்துக் கேட்டால் கையெழுத்து எளிதில் கிடைக்கும். பயத்துக்குத் தனிமைதான் தீனி. இந்த மந்தத்தில் நான் உறுதியாகப் புரிந்துகொண்டது இது ஒன்று. எனவே தனிமையை எங்கெங்கு உடைக்க முடியுமோ அங்கங்கு உடைக்கிறேன்.

வீட்டில் கணக்கைத் திறந்து வைத்தாயிற்று. சம்பளம் நின்றால் எத்தனை மாதம் ஓட்டலாம், எந்தக் கடனை முதலில் அடைப்பது, எதை நிறுத்துவது என்று கணவரும் மாமியாரும் நானும் சேர்ந்து எழுதினோம். மாமியார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இவ்வளவுதானே? இதைவிடக் கஷ்டத்துல இவனை வளர்த்தேன்” என்றார். அன்று இரவு நான் தூங்கினேன். கணக்கு மாறவில்லை, அதைச் சுமக்க நாங்கள் மூவரானோம்.

எங்கள் குழுவிலிருந்து போன அண்ணா ஒருவருக்கு அவ்வப்போது போன் செய்கிறேன். வேலை போனவர்களை விட்டு மற்றவர்கள் விலகிவிடுகிறார்கள். என்ன பேசுவது என்ற கூச்சம், நமக்கும் வந்துவிடுமோ என்ற அச்சம். “நீயாவது பேசறியேம்மா. ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரும் கூப்பிடறதில்ல” என்றார். வேலைக்கு நான் வழி செய்துவிடவில்லை. அவருடைய ரெஸ்யூமைச் சேர்ந்து திருத்தினோம், ஒரு பழைய பிராஜெக்ட்டைப் பற்றி விவாதித்தோம். யாஹோடா சொன்னவற்றில் ஒன்றையாவது, வெளியே ஒரு மனித உறவை, அவருக்கு மீதம் வைக்க என்னால் முடிகிறது. எனக்கும் அதனால் தெம்பு. நாளை நான் போனாலும் முற்றாகத் தொலைந்துவிட மாட்டேன் என்று தோன்றுகிறது.

அலுவலகத்திலும் ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருக்கிறேன். ஆட்களைக் குறைக்கும் பேச்சு மறுபடி வரும்; செலவை இவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஓர் எண்ணைத் திரையில் காட்டுவார்கள். அந்த எண்ணை எல்லோருடைய நேரத்திலும் சம்பளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எட்ட முடியாதா என்று அப்போது கேட்பேன். வாரத்தில் அரை நாள் போனால் எனக்கு இ.எம்.ஐ. நெருக்கும், அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், தாங்க முடியும். பக்கத்து மேசைக்காரர்களிடமும் ஒவ்வொருவராகப் பேசி வருகிறேன். சிலர் தயங்குகிறார்கள், சிலர் சரி என்கிறார்கள். கூட்டத்தில் அந்தக் கேள்வியை ஒருத்தியாக எழுந்து கேட்கக்கூடாது. குறைந்தது நாலு பேர் சேர்ந்து கேட்க வேண்டும்.