பின்னால் வருபவருக்கான விளக்கு

ஓசூர் ஜூஜூவாடியில் சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டிக்கொண்டிருக்கிறீர்களா? அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, இந்தப் பக்கம் சிப்காட். ஷிஃப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள், கிருஷ்ணகிரியிலிருந்து வரும் லாரிகள், பெங்களூரு திரும்பும் கார்கள் என்று எல்லாம் உறுமிக்கொண்டே ஊரும். அப்படி ஒரு நெரிசலில்தான் என் 2014 மாடல் பெட்ரோல் காரின் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு.

வண்டி என்னவோ நன்றாகத்தான் ஓடியது. பிக்கப் குறையவில்லை. மைலேஜும் அப்படியே. இருந்தாலும் மறுநாள் வழக்கமான மெக்கானிக்கிடம் விட்டேன். ஸ்கேனரைச் செருகினார். பி-0420 என்று காட்டியது.

"கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலைன்னு சொல்லுது சார்."

பி.காம். படித்தவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

எஞ்சினிலிருந்து சைலன்ஸருக்குப் போகும் வழியில் ஒரு டப்பா. அதற்குள் தேன்கூடு மாதிரி கண் கண்ணாக ஒரு பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்களின் மெல்லிய பூச்சு. கார்பன் மோனாக்சைடு போன்ற விஷ வாயுக்கள் இதன் வழியே போகும்போது கார்பன் டை ஆக்சைடாக, நைட்ரஜனாக, நீராவியாக மாறிவிடும். டப்பாவுக்கு முன்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்ஸார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும். பின்னால் இருப்பது ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். அதுவும் சேர்ந்து ஆடினால் டப்பா தூங்குகிறது என்று அர்த்தம்.

"அதுக்காக உடனே டப்பாவை மாத்திடக் கூடாது சார். பைப்ல லீக் இருந்தாலும் இப்படிக் காட்டும். சென்ஸாரே தப்பா சொல்லலாம். பார்த்துடறேன்."

இரண்டு நாள் பார்த்தார். லீக் இல்லை. சென்ஸார் நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "போன வருஷம் வண்டி உதறுதுன்னு சொன்னீங்க. காயில் மாத்தணும்னு சொன்னேன். அப்படியே மூணு மாசம் ஓட்டுனீங்க, இல்லையா?"

ஓட்டினேன். அந்த மூன்று மாதமும் ஒரு சிலிண்டரில் சரியாக எரியாத பெட்ரோல், டப்பாவுக்குள் போய் எரிந்து அதை வேகவைத்திருக்கிறது. ஆக, குற்றவாளி நான்தான்.

புதியதன் விலை ஐந்து இலக்கம். என் முகம் போன போக்கைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "வேற ஒண்ணும் செய்றாங்க சார்." பின்னால் இருக்கும் சென்ஸாரைப் புகையிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்த ஒரு சின்ன இரும்புத் துண்டு. ஸ்பேசர் என்று பெயர். விலை மூன்று இலக்கம். சென்ஸார் ஏமாந்துவிடும், விளக்கு அணைந்துவிடும். விஷம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

"பொல்யூஷன் சர்டிஃபிகேட்?"

"போன வாரம் எடுத்தீங்களே சார், பாஸ்தானே?"

வாஸ்தவம். நின்ற இடத்தில் வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையில் என் வண்டி தேறியிருந்தது. சர்டிஃபிகேட் கையில் இருக்கிறது. போலீஸ் கேட்டாலும் கவலையில்லை. பிறகென்ன?

இங்கேதான் எனக்குத் தூக்கம் கெட்டது.

டேஷ்போர்டில் எரியும் மற்ற விளக்குகளை யோசித்துப் பாருங்கள். ஆயில் குறைந்தால் எரிவது என் எஞ்சினுக்காக. பெட்ரோல் விளக்கு, நான் நடுவழியில் நிற்காமல் இருக்க. சீட் பெல்ட் விளக்கு, என் உயிருக்காக. எல்லாமே 'என்' விளக்குகள். ஆனால் பி-0420-க்காக எரிகிற விளக்கு, எனக்குப் பின்னால் வருபவருக்காக எரிகிறது. அவர் கண்ணுக்கு அது தெரியாது. என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் இதைக் கணக்காகவே பார்க்கிறேன். ஸ்பேசர் போட்டால் ஐந்து இலக்கச் செலவு மிச்சம் என்று நினைக்கிறோம். செலவு எங்கேயும் போகவில்லை. என் பேரேட்டிலிருந்து எடுத்து, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மாவின் நுரையீரல் கணக்கில் பற்று எழுதுகிறோம். அவரிடம் கையெழுத்து வாங்காமல். ஆலைப் புகையால் ஊர் சுமக்கும் செலவு முதலாளியின் கணக்கில் ஏறுவதில்லை என்று ஆர்தர் பிகூ என்ற பொருளாதார நிபுணர் 1920-லேயே புத்தகம் எழுதிச் சொல்லிவிட்டார்.

"இத்தனை லாரி போகிற ரோட்டில் உன் ஒரு காரால் என்ன வந்துவிடப்போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் இதையே கேட்க முடியும் என்பதுதான் சிக்கல்.

2015-ல் ஃபோக்ஸ்வேகன் கம்பெனி அமெரிக்காவில் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். சோதனை நடக்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் சாஃப்ட்வேரைத் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது. உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். அப்போது எல்லோரும் திட்டினோம். நான் எழுதியே திட்டினேன். அவர்கள் கோடிக்கணக்கில் செய்ததை நான் மூன்று இலக்கத்தில் செய்யப் பார்த்தேன். அளவுதான் வேறு.

மனுநீதிச் சோழன் கதை நமக்குத் தெரியும். இளவரசன் போனது தேரில். அடிபட்டது கன்று. தாய்ப்பசு போய் ஆராய்ச்சி மணியை அடித்தது. அந்த மணி தேரில் போகிறவர்களுக்காகக் கட்டப்பட்டதல்ல, தேர் ஏறிப்போனவர்களுக்காகக் கட்டப்பட்டது. மந்திரி யாராவது முந்தின நாள் ராத்திரி மணியின் நாக்கில் துணியைச் சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பசு கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்திருக்கும். அரண்மனை நிம்மதியாகத் தூங்கியிருக்கும். ஊரில் அநியாயமே இல்லை என்று ராஜாவும் நம்பியிருப்பார்.

ஸ்பேசர் என்பது அந்தத் துணி. வண்டியில் மட்டுமா? வீட்டில், ஆபீஸில், கேள்வி கேட்பவரைச் சற்றுத் தள்ளி உட்கார வைத்துவிட்டு, 'பிரச்னை இல்லை' என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்!

யோசித்து யோசித்து, இரண்டு மாதம் கழித்துப் புது டப்பா போட்டேன். அந்த இரண்டு மாதத்துக்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. போட்ட பிறகும் வண்டியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே பிக்கப், அதே மைலேஜ். பணம் போனது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மறுபடி ஜூஜூவாடி நெரிசல். கண்ணாடியில் பார்த்தேன். என் பின்னால் ஒட்டினாற்போல ஒரு பைக். டேங்க் மேல் ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு குழந்தை. அப்பாவிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தது. இவர்களுக்காக நான் எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த யோசனையில், முன்னால் வண்டி நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. பைக்காரர் ஓங்கி ஹார்ன் அடித்தார்.