முடி யாருடையது?

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. திருவேற்காடு கருமாரியம்மன் கோயில். தரிசன வரிசை எங்கேயோ வளைந்து போய்க்கொண்டிருந்தது. கால் வலிக்கவே, முடிகாணிக்கை செலுத்துகிற இடத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வழக்கமான காட்சிகள்தான். தாய்மாமன் மடியில் வீறிட்டு அழும் குழந்தை. கத்தி வைப்பதற்கு முன்பே, 'அவ்ளோதான்டா கண்ணு, முடிஞ்சிடுச்சு' என்று பொய் சொல்லும் அத்தை. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு போட்டோவுக்கு நிற்கும் குடும்பம்.

நடுவில் தனியாக ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். இடுப்பைத் தாண்டிய பின்னல். முறை வந்தும் எழுந்திருக்காமல், பின்னலை முன்னால் போட்டு நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

'என்னம்மா, பயமா இருக்கா?'

'முடி போறதுக்கு பயம் இல்ல சார். அம்பத்தூர்ல ஒரு ஜவுளிக்கடையில வேலை பார்க்கறேன். பட்டுப்புடவை செக்‌ஷன். தோள்ல புடவையைப் போட்டு கஸ்டமருக்குக் காட்டறதே நான்தான். மொட்டைத் தலையோட நிக்க விடுவாங்களான்னுதான்...'

அம்மாவுக்குப் புற்றுநோயாம். அதற்காக வேண்டுதல். சொல்லி முடித்ததும் விறுவிறுவென்று போய் உட்கார்ந்துவிட்டாள். பத்தே நிமிஷம்தான். பின்னல் தரையில் கிடந்தது.

எனக்குச் சட்டென்று பெர்சிஸ் கம்பாட்டா ஞாபகம் வந்தது.

இந்தப் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1948-ல் பம்பாயில் ஒரு பார்ஸி குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு வயதிலேயே அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார். பதின்மூன்று வயதில், யாரோ எடுத்த போட்டோக்கள் ரெக்ஸோனா சோப்பு விளம்பரத்துக்குப் பயன்பட, முகம் பிரபலமாகிவிட்டது. 1965-ல் மிஸ் இந்தியா. அதே வருஷம் மியாமி பீச்சில் மிஸ் யுனிவர்ஸ் மேடை. அப்போது அவருக்குப் பதினேழு வயதுகூட நிறையவில்லை! ஏர் இந்தியா, ரெவ்லான், கார்டன் வரேலி புடவை என்று அப்புறம் வரிசையாக விளம்பரங்கள். மாடலிங் என்றொரு தொழில் இருப்பதே நம் ஊரில் பலருக்குத் தெரியாத காலம் அது.

'முகத்தைக் காட்டிச் சம்பாதிக்கிறதெல்லாம் ஒரு பிழைப்பா?' என்று கேட்கிறவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வியே புரிவதில்லை. பாடகர் குரலைக் கொண்டு சம்பாதிக்கிறார். பயில்வான் புஜத்தைக் கொண்டு சம்பாதிக்கிறார். அதெல்லாம் கௌரவம், முகம் மட்டும் கேவலமா?

வம்பு வேறு இடத்தில் இருக்கிறது. 'எனக்கு ஓர் அழகான முகம் இருக்கிறது' என்பது ஒன்று. 'அந்த முகம்தான் நான்' என்பது வேறு. முதலாவது சொத்துக் கணக்கு. இரண்டாவது, வாடகை வீட்டுக்குச் சொந்தப் பெயரில் பத்திரம் எழுதுகிற காரியம். என்றைக்காவது ஒருநாள் காலி செய்யச் சொல்வார்கள், அப்போது தெருவில் நிற்க வேண்டும்.

பெர்சிஸுக்கு அந்தச் சோதனை முப்பது வயதை நெருங்கும்போது வந்தது. ஹாலிவுட்டில் 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் பெரிய வேடம். ஆனால், வேற்றுக்கிரகப் பெண்ணான அந்தப் பாத்திரத்துக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. யோசித்துப் பாருங்கள்... அழகிப் பட்டம் வாங்கியவர். அத்தனை விளம்பரங்களிலும் முகத்தோடு சேர்ந்து வந்த முடி. 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அவர் மழித்துக்கொண்டார். 1979-ல் படம் வந்தது. 1980-ல் ஆஸ்கர் மேடையில் விருது வழங்க நின்ற முதல் இந்தியர் ஆனார்.

அவரைத் தியாகி ஆக்க நான் வரவில்லை. வேடத்துக்குச் சம்பளம் வாங்கினார். அதற்குப் பிறகு எல்லாமே சுபம் என்றும் சொல்ல முடியாது. 1980-ல் ஜெர்மனியில் கார் விபத்து, தலையில் பலத்த காயம். 1983-ல் இதய ஆபரேஷன். பெரிய பட வாய்ப்புகளும் மெல்லக் குறைந்தன. 1985-ல் பம்பாய்க்கே திரும்பி வந்துவிட்டார்.

முகம் கைவிட்டபோது அவர் என்ன செய்தார் தெரியுமா? மற்ற பெண்களின் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தார். தன்னைப்போல மிஸ் இந்தியா பட்டம் வாங்கியவர்களைப் பற்றி 'ப்ரைட் ஆஃப் இந்தியா' என்று ஒரு புத்தகம் போட்டார். 1997-ல் வந்தது. அதன் ராயல்டியை அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டிக்குக் கொடுத்தார். அடுத்த வருஷம், ஆகஸ்ட் 18-ம் தேதி, மாரடைப்பில் காலமானார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

மழித்த முடி திரும்ப வளர்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும், கொடுக்கிற அந்த நிமிஷத்தில் கை நடுங்குகிறதே, ஏன்? 'என்னுடையது' என்று நினைத்திருந்தோம், அதனால்தான். திருப்பதியில் நாம் இறக்கிவைக்கிற முடி ஏலத்துக்குப் போய், கடல் கடந்து, யாரோ ஒரு பெண்மணியின் தலையில் 'விக்'காக உட்கார்ந்துகொள்கிறது. நம்மை விட்டுப் போனதும் அடுத்த தலைக்கு அழகு சேர்க்கிற ஒன்றை, சொந்தம் என்று எப்படிச் சொல்வது?

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா?

தை மாதம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவள்தான் அடையாளம் கண்டு வந்து பேசினாள். தலையில் கிராப் வெட்டியது போல் முடி வளர்ந்திருந்தது.

'நான் பயந்த மாதிரியே ஆச்சு சார். மூணு மாசம் குடோன்ல போட்டுட்டாங்க. ஸ்டாக் எண்ற வேலை. இன்சென்டிவும் கட். போன வாரம்தான் திரும்ப செக்‌ஷனுக்குக் கூப்பிட்டாங்க.'

'அவசரப்பட்டு மொட்டை போட்டுக்கிட்டோமேன்னு தோணலியாம்மா?'

சிரித்தாள்.

'கீமோவுல முடி கொட்டினதும் அம்மா பீரோ கண்ணாடியைத் துணி போட்டு மூடிட்டாங்க சார். யாரையும் பார்க்க மாட்டாங்க, பேச மாட்டாங்க. அன்னிக்கு கோயில்லேருந்து நேரா போய் அவங்க முன்னாடி நின்னேன். ரொம்ப நேரம் என் தலையைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் அவங்களே எழுந்து போய், அந்தத் துணியை எடுத்துட்டாங்க.'

ஆவடி பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.