நாலு சீட்டும் ரெண்டு கையெழுத்தும்

"எதுக்கு ஓட்டுப் போடுறோம்னு தெரியாமலே நம்ம சனம் ஓட்டுப் போடுது."

உள்ளாட்சித் தேர்தல் முடிகிற ஒவ்வொரு முறையும் இந்தப் பேச்சு என் காதில் விழுகிறது. ஆதிக்க சாதிக்காரன் சொன்னால் அது ஏளனம், பதில் சொல்லிவிடலாம். நம் தெருவில் பிறந்து, படித்து, வேலைக்குப் போன பிள்ளைகளே சொல்லும்போதுதான் உறுத்துகிறது. பதவி என்னவென்று தெரிந்துகொண்டு ஓட்டுப் போடுவது ஓட்டுப் போடுகிறவரின் கடமையா? இல்லை, தெரிந்து வைத்திருப்பவர்கள் அவருக்குத் தர வேண்டிய கடனா? இதைப் பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பதிலும் பொத்தாம் பொதுவாகத்தான் வரும். ஆகவே பழனி மலையில் வைத்துக் கேட்கிறேன்.

கொடைக்கானல் என்றால் ஏரி, பனிமூட்டம், குதிரைச் சவாரி என்பது சுற்றுலாக்காரர்களின் கொடைக்கானல். கொடைக்கானல் ஊராட்சி ஒன்றியம் வேறு. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், வில்பட்டி என்று மேல்மலை. தாண்டிக்குடி, பெரியூர், பாச்சலூர் என்று கீழ்மலை. மேலே பூண்டு, உருளை, கேரட்; கீழே காப்பி, மிளகு, மலைவாழை. இந்த மண்ணில் முதுகு வளைகிறவர்கள் யார்? காட்டையே வீடாகக் கொண்டிருந்த பளியர்கள். நிலமுடையவர்களுக்கு அடிமைகளாக இருந்ததாக 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் பதிவுகளே சொல்கிற புலையர்கள். சமவெளியிலிருந்து கூலிக்கு ஏறிவந்த பள்ளர், பறையர், அருந்ததியர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்டு, இந்த மலைக்கு மரம் வெட்டவும் தோட்டக் கூலிக்கும் வந்து சேர்ந்தவர்கள்.

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. திண்டுக்கல் மாவட்டமும் அதில் ஒன்று. கிராமத்து வாக்காளர் ஒவ்வொருவர் கையிலும் நாலு சீட்டு கொடுத்தார்கள். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. ஒரே சாவடியில் ரெண்டு வார்டு இருந்தால் ஒன்றுக்கு நீலம். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு. ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை. மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் ரெண்டில் கட்சி கிடையாது. பின் ரெண்டில் கட்சிச் சின்னம் உண்டு. படித்தவர்களிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும்? சட்டமன்றத் தேர்தலில் ஒரே ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வருகிறவர்கள், நாலு நிறத்தை நாலு அதிகாரமாகப் பிரித்தறிய வேண்டிய கூலிக்காரரைப் பார்த்து "ஒண்ணும் தெரியாது" என்கிறார்கள்.

கீழ்மலையில் ஒரு தோட்டத்து லயத்தில் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "எந்தச் சீட்டு எதுக்குன்னு தெரியுமாம்மா?"

"செவப்பு பிரசிடெண்ட்டுக்கு. மத்தது சொன்ன சின்னத்துல குத்திட்டு வந்துருவோம்."

"யார் சொன்ன சின்னம்?"

"கங்காணிதான் சொல்லுவாரு. வேற யாரு வந்து சொல்றா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி இலங்கையிலிருந்து வந்தவர். அவர் சொன்னது: "அங்க எங்களுக்கு ஓட்டே இல்லன்னு ஆக்குனாங்க. இங்க ஓட்டு இருக்கு. அது எதுக்குன்னு சொல்லத்தான் ஆளில்ல தம்பி."

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே அவர்களுடைய வாக்குரிமையும் பறிபோனது. வாக்கு இல்லாமல் இருப்பது என்னவென்று உடம்பால் அறிந்தவர்கள் அவர்கள். ஓட்டின் அருமை தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

இனி அந்த வெள்ளைச் சீட்டுக்கு வருவோம். ஊரே இளஞ்சிவப்புச் சீட்டைப் பற்றித்தான் பேசுகிறது. ஊராட்சி தலித்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டால் நாமும் அதைத்தான் பேசுகிறோம்: நாற்காலி வந்துவிட்டது, நம் ஆள் உட்காரப் போகிறார். வெள்ளைச் சீட்டா? அது தெரு விளக்கு, குழாயடிச் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால் வெள்ளைச் சீட்டில் ஜெயித்த மெம்பர்கள் கூடி, தங்களுக்குள் ஒருவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தப் பதவி எந்தச் சீட்டிலும் அச்சடிக்கப்படுவதில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 188ஆம் பிரிவுப்படி ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் ரெண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு இருக்கிறது. வார்டுக்கும் இருக்கிறது. துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. தலித் தலைவர் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு ரெண்டாவது கையெழுத்துக்காக யார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதை அந்த வெள்ளைச் சீட்டு தீர்மானிக்கிறது. தகராறு முற்றினால் மாவட்ட ஆட்சியர் தலையிட்டு அந்த அதிகாரத்தை அலுவலர் கைக்கு மாற்றுவார். அப்போதும் அது நம் தலைவர் கைக்கு வருவதில்லை.

பணத்தில் நடப்பது நாற்காலியிலும் நடக்கிறது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையிலிருந்து ஒரு படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில், தலித் பெண் தலைவர் தரையில். சட்டப்படி அந்தக் கூட்டத்துக்குத் தலைமை அவர்தான்.

இப்போது ஒரு தோழர் கேட்பார்: "சரி, இதெல்லாம் தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன ஆகிடும்? ஒன்பது வார்டுல நம்ம காலனி ரெண்டு வார்டுக்குள்ள அடங்கிப் போகுது. அத்தனை பேரும் சட்டத்தைக் கரைச்சுக் குடிச்சாலும் ரெண்டு மெம்பர்தான?" நியாயமான கேள்வி. தெரிந்துகொள்வதால் எண்ணிக்கை கூடாது. பளியர்களுக்கு இது இன்னும் கொடுமை. 2011 கணக்கெடுப்புப்படி திண்டுக்கல் மாவட்டத்தில் அட்டவணைச் சாதியினர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். பழங்குடியினரோ நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. மக்கள்தொகைக் கணக்குப்படி இடம் பிரிக்கிறபோது சிதறிக் கிடக்கிற அவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. அட்டவணைச் சாதிப் பட்டியலில் இருக்கிற புலையர்கள் தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். எந்தப் பட்டியல் என்பதும் எந்தச் சீட்டு என்பதும் அங்கே ஒட்டிப் பிறந்த கேள்விகள்.

அப்படியானால் தெரிந்துகொள்வதன் பயன் என்ன? என் பதில் இது: பழியை உரிய இடத்தில் வைக்க அது வேண்டும். ஐந்து வருடம் முடிந்ததும் ஊர் கேட்கிறது, "உங்காளு தலைவரா இருந்து என்னத்தக் கிழிச்சான்?" நம்மவர்களும் தலை குனிந்துகொள்கிறார்கள். பொறுப்பு ஒருவர் தலையில்; அதிகாரம் இன்னொருவர் பேனாவில். கையைக் கட்டிப்போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று ஏசுவது பழைய பண்ணையாரின் நீதி. அதே நீதி இப்போது ஊராட்சிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. பதவிகளின் அமைப்பைப் புரிந்துகொண்டவருக்குத்தான் யாரை எந்தத் தோல்விக்குக் கேள்வி கேட்கலாம் என்று தெரியும். நம் தலைவர் உண்மையிலேயே தவறு செய்தால் அவரைக் கேட்பதற்கும் இதே அறிவுதான் வேண்டும். அது இல்லாத இடத்தில் எல்லாத் தோல்வியும் சாதியின் தோல்வியாகக் கணக்கெழுதப்படுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தெரிந்துகொள்வது நல்லது என்பதிலிருந்து தெரிந்தவர்தான் ஓட்டுப் போட வேண்டும் என்பதற்குத் தாவுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழர்களின் பழம்பெரும் சனநாயகம் என்று மேடைதோறும் உத்திரமேரூர்க் குடவோலையைக் கொண்டாடுகிறோம். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) ஒருமுறை படித்துப் பாருங்கள். ஓலையில் பேர் எழுத கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேத அறிவு வேண்டும். நிலமும் வேதமும் யாரிடம் இருந்தன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. படிப்பை வாக்குக்கு நிபந்தனையாக்குவது அந்தப் பானைக்குள் நம்மை மறுபடி தேடுவதுதான். நம் ஓலை அதில் இருக்காது. 1928இல் சைமன் குழுவிடம் அம்பேத்கர் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கேட்டார். அதிகாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துதான் அதிகாரத்தைக் கற்றுக்கொள்ள முடியும். கற்றுக்கொண்டு வா, பிறகு உட்காரலாம் என்பது தண்ணீரில் இறங்காமல் நீச்சல் பழகச் சொல்வது.

இன்னொரு வார்த்தையையும் சோதிக்க வேண்டும்: 'ஒத்துமை'. "ஊர் ஒத்துமையா ஒருத்தரை நிறுத்தியிருக்கோம், போட்டி வேணாம்." கேட்க நன்றாக இருக்கிறது. ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் ஊர்ப் பெரியவர்கள் நிறுத்துகிற தலித் யார்? அவர்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவர், அவர்களிடம் கடன் பட்டவர், எதிர்த்துப் பேசாதவர். சம்மதம் என்பது மறுக்க முடிகிறவன் தருவது. மறுத்தால் கூலி போகும், லயத்து வீடு போகும் என்கிற இடத்தில் வருகிற 'சரி'க்கு சம்மதம் என்று பேர் கிடையாது. இது 1932லேயே எழுந்த கேள்வி. தனித் தொகுதி இருந்திருந்தால் நம் பிரதிநிதியை நாமே தேர்ந்திருப்போம். பூனா ஒப்பந்தம் மாகாண சபைகளில் 148 இடங்களைத் தந்தது. அந்த இடங்களில் யார் உட்காருவது என்கிற கடைசித் தீர்ப்பை ஊர்ப் பெரும்பான்மையிடம் தந்தது. ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு ஊராட்சியிலும் அந்த ஒப்பந்தம் சின்ன அளவில் இன்னொரு முறை கையெழுத்தாகிறது.

ஒத்துமை உடைகிற இடத்தில் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில் 1996இலிருந்து பத்து வருடம் தலித் தலைவர் ஒருவரை நிலைக்க விடவில்லை; 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்தது. மேலவளவில் தடைகளைத் தாண்டித் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவரும் துணைத் தலைவர் மூக்கனும் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அங்கே தலைவரும் துணைத் தலைவரும் தலித்துகள். இதைச் சொல்லாமல் வெள்ளைச் சீட்டின் முக்கியத்துவத்தை மட்டும் பாடமாக நடத்துவது நேர்மையாகாது. சட்டத்தைப் படிப்பது உயிர்க் காப்பு அல்ல.

ஆனாலும் சீட்டே இல்லாமல் ஊர் முடிவெடுக்கிற ஓர் இடம் சட்டத்தில் இருக்கிறது: கிராம சபை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தம் அதற்கு அரசமைப்பில் இடம் தந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டு நிலத்தின் மீதான உரிமைக் கோரிக்கையைக் கிராம சபையிலிருந்தே தொடங்கச் சொல்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்கிற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2013இல் கிராம சபைகளிடம் விட்டது. பன்னிரண்டு சபைகள் கூடின; பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அங்கே கூடியவர்களை யாரும் தேர்வு எழுதச் சொல்லவில்லை. கேள்வி என்னவென்று அவர்களுக்குப் புரிகிற மொழியில், அவர்களுடைய மலையில் வைத்துக் கேட்கப்பட்டது. அவ்வளவுதான். அதே 2013இல்தான் கொடைக்கானல் காட்டுயிர் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் கடுக்காயும் தேனும் எடுத்துப் பிழைத்தவர்களுக்கு ஒரு வரைபடத்தின் கோடு எவ்வளவு பெரிய கேள்வி! அந்தக் கேள்வியைப் பேச வேண்டிய கிராம சபை, கையெழுத்து நோட்டை வீடு வீடாகக் கொண்டுபோய் நிரப்புகிற சடங்காக இருந்தால் யாருக்கு லாபம்?

2020 சனவரி 6இல் பதவியேற்றவர்களின் காலம் 2025 சனவரி 5இல் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். 2016க்கும் 2019க்கும் இடையிலும் இப்படித்தான் மூன்று வருடம் தலைவர் இல்லாமலே ஊராட்சிகள் ஓடின. தேர்தல் எப்போது வந்தாலும் கங்காணிக்கு முன்னால் யாராவது லயத்துக்குப் போயாக வேண்டும். ஓட்டுக் கேட்டுப் போகச் சொல்லவில்லை. நாலு நிறத் தாளை வாங்கிக்கொண்டு போங்கள். எந்தத் தாள் எதற்கு, துணைத் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது, பணத்துக்கு எத்தனை கையெழுத்து, கிராம சபையில் தீர்மானம் எழுதச் சொல்லிக் கேட்கிற உரிமை யாருக்கு என்று சொல்லுங்கள். பளியர் குடியிருப்புக்கு நடந்துதான் போக வேண்டியிருக்கும், நடங்கள். "அந்த வெள்ளைச் சீட்டுக்கு நம்ம காலனியில யாரு நிக்கிறா?" என்று முதலில் கேளுங்கள். படித்த நாம் பட்டிருக்கிற கடனில் முதல் தவணை அதுதான்.