ஒரு மணி நேரச் சுயநலம்

பகலில் தொழிற்பயிற்சி, ராத்திரி அசைன்மெண்ட், மிச்சம் இருந்தா வீட்டு வேலை. இதுக்கு நடுவுல சனிக்கிழமை ஒரு மணி நேரம் மிருதங்கம் கத்துக்கிறேன். "கச்சேரியா பண்ணப் போற?" என்று அம்மா கேட்டாங்க. இல்லை, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையே எனக்கு இன்னும் நழுவும். அப்போ இது சுயநலம்தானா, நண்பர்களே?

தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து ஒட்டினால்தான் 'தொம்' கேட்கும். தோலில் எடை கூடினால் அதிர்வெண் குறையும், அவ்வளவுதான் இயற்பியல். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துடணும். அடுத்த தடவை புதுசா ஒட்டணும். ஒட்டாமல் எவ்வளவு தட்டினாலும் நாதம் வராது.

குடும்பத்துக்கு நேரம் கொடுக்கலாம்னு போன மாசம் மூணு வாரம் வகுப்புக்குப் போகல. எஸ்.பி.எம். எழுதப்போற தம்பி கூடுதல் கணிதத்துல சந்தேகம் கேட்டு வந்தப்போ எரிஞ்சு விழுந்தேன். வீட்டிலேயே இருந்தும் யாருக்கும் ஆகாம இருந்தேன்.

இந்தச் சனிக்கிழமை, நான் கேட்காமலே, அம்மா ரவை டப்பாவை எடுத்து மேசையில் வச்சிருந்தாங்க.